நடுகல்லும் நாவலும்



தம் தாயாரின் பெயரால் ஒரு மகன் நிறுவிய அறக்கட்டளை இது. அதனால், மறைந்த உறவுகள் கதைமாந்தராக எழுந்து வருவதைப் பற்றியே இன்று பேசலாம் என்று தோன்றியது.

போனவர்களை நினைத்துக்கொள்ள நம்மிடம் வழிகளுக்குக் குறைவில்லை. திதி கொடுக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், இப்படி ஒரு மேடையும் அமைக்கிறோம். போரில் பட்ட வீரனுக்கு நடும் நடுகல்லுக்கு, தொல்காப்பியர் கல்லைக் காண்பது தொடங்கி நட்டு வாழ்த்துவது வரை ஆறு துறை வகுத்தார். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். இன்ன மன்னனின் இன்ன ஆட்சியாண்டில் ஆநிரை மீட்கப் போய் இன்னான் பட்டான் என்று இருக்கும். கையில் ஆயுதத்தோடு உருவம் நிற்கும். கல்லுக்கு அது போதும். சோற்றில் உப்பு குறைந்தால் அந்த வீரன் முகம் எப்படிப் போகும் என்று கல் சொல்லாது. அங்கிருந்துதான் நாவலின் வேலை தொடங்குகிறது.

எனக்கு இது புரிந்தது ஆர்.கே. நாராயண் வழியாக. சென்னை புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்தவர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, எழுதியது ஆங்கிலத்தில். 1933இல் கோயம்புத்தூருக்கு அக்காவைக் கொண்டுபோய் விடச் சென்றவர், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். பெயர் ராஜம். பெரியவர்கள் வழியாகப் போகாமல், தானே பெண்ணின் தகப்பனாரிடம் போய்க் கேட்டுவிட்டார். ஜாதகம் குறுக்கே நின்றது. மாப்பிள்ளைக்கு ஏழாமிடத்தில் செவ்வாய். மனைவிக்கு ஆகாது என்றார்கள். எப்படியோ சமாதானமாகிக் கல்யாணம் நடந்தது.

1939இல் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகள் ஹேமாவுக்கு அப்போது மூன்று வயது. டைபாய்டுக்குச் சரியான மருந்தான குளோராம்பெனிகால் புழக்கத்துக்கு வந்தது 1948இல்தான். அதுவரை அந்தக் காய்ச்சலுக்கு வைத்தியம் என்பது பெரும்பாலும் கஞ்சி, ஈரத்துணி, காத்திருப்பு.

நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பல காலம் அவரால் எழுதவும் முடியவில்லை. பிறகு எழுதினார். ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ 1945இல் வெளிவந்தது. அதில் வருகிற கிருஷ்ணன், நாராயண் கற்பனையில் உருவாக்கிய மால்குடி என்ற ஊரில் ஒரு கல்லூரி ஆசிரியன், மனைவி சுசீலா, குழந்தை லீலா. தம் நாவல்களிலேயே சொந்த வாழ்க்கை மிகுதியாகவும் கற்பனை மிகக் குறைவாகவும் உள்ளது இதுதான் என்று ‘மை டேஸ்’ என்ற தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

துக்கத்தில் எழுதப்பட்ட புத்தகம் என்று அறிந்து படிக்கத் தொடங்குகிறவர் கண்ணீரை எதிர்பார்ப்பார். நாவலோ அவரிடம் ஒரு ஓட்டை அலாரம் கடிகாரத்தைக் காட்டுகிறது. நினைத்த நேரத்தில் அடிக்கும். மேலே ஒரு கனமான இலக்கிய வரலாற்று நூலைத் தூக்கி வைத்தால்தான் வாயை மூடும். கிருஷ்ணனுக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம். ஒருநாள் மேசையை ஒழுங்கு செய்கிறேன் என்று சுசீலா அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுகிறாள். வீட்டில் சண்டை. பேச்சு வார்த்தை இல்லை. இருவருமே கொஞ்சம் அற்பமாக நடந்துகொள்கிறார்கள். பிறகு சமாதானமாகிறார்கள்.

இறந்துபோன மனைவியின் நினைவாக எழுதும் ஒருவர் அந்தச் சண்டையை விட்டுவிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை அவர் விடவில்லை என்பதில்தான் அவருடைய அன்பின் அளவு தெரிகிறது. சுசீலா எனக்கு உயிருள்ள பெண்ணாகத் தெரிவது அந்தக் கடிகாரத்தை விற்ற இடத்திலிருந்துதான்.

இன்னொரு இடம். கணவனும் மனைவியும் சொந்த வீடு வாங்குவதற்காக ஒரு காலைப்பொழுதில் கிளம்புகிறார்கள். ஹோட்டலில் சிற்றுண்டி, ஆற்றங்கரை, அப்புறம் ஊருக்கு வெளியே புது வீடு. சுசீலாவுக்கு வீடு பிடித்துவிடுகிறது. கொல்லைப்புறத்தில் இருந்த கழிவறைக்குள் போகிறாள், கதவு மாட்டிக்கொள்கிறது, அந்த அசுத்தத்துக்குள் தவித்து, அருவருத்து வெளியே வருகிறாள். அதன் பிறகு காய்ச்சல். மலேரியா என்று ஆரம்பித்து டைபாய்டில் போய் முடிகிறது. அந்தத் தம்பதியின் மிக மகிழ்ச்சியான நாளுக்குள்ளேயே அவள் சாவின் விதையை வைத்துவிட்டார் ஆசிரியர். இழந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ‘அன்றைக்கு அங்கே போகாமல் இருந்திருந்தால்’ என்று ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மனம் விடாது. வாழ்க்கை அப்படிப்பட்ட நாளை நமக்குத் தெளிவாகக் காட்டுவதில்லை. கதை காட்டுகிறது. ராஜம் சுசீலாவாகவும் மைசூர் மால்குடியாகவும் மாறியது வெறும் மறைப்புக்காக அல்ல என்று நான் நினைக்கிறேன். உண்மைப் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கதவைச் சாத்த எந்தக் கணவனுக்குக் கை வரும்?

நாவலின் பின்பாதியில் கிருஷ்ணன் ஒரு மனிதர் மூலமாக இறந்த மனைவியோடு தொடர்பு கொள்கிறான். நாராயண் தம் வாழ்விலும் அதைச் செய்தவர். முன்பாதியை ரசித்த பலர் பின்பாதியில் திகைத்தார்கள், எரிச்சல்கூடப் பட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வயதில் நானும் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியவன். என் அம்மா போன பிறகு மறுபடி படித்தேன். ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. ஒருவன் தன் மனைவியின் குரலைக் கேட்பதற்காக உட்கார்ந்து பழகுகிறான். அந்தப் பயிற்சியைத்தான் பார்த்தேன். எழுத உட்காருவதும் கிட்டத்தட்ட அதுதான்.

அம்மாவைச் சொன்னேன். அவர் இறந்த மூன்றாம் வருஷம் அவரை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். பொறுமை, தியாகம், ஓயாத உழைப்பு எல்லாம் அதில் இருந்தன. பத்திரிகைக்கு அனுப்பும் முன் அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். “தம்பி, இது யாரு? நம்ம அம்மாவா? அம்மா ஒரு நாளாவது இப்படி வாயத் திறக்காம இருந்திருக்குமா? பூக்காரம்மாகூட போடுற சண்டை எங்க?”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பூக்காரம்மா வாசலில் கூடையை இறக்குவார். அவர் தம் கையால் முழம் போடத் தொடங்கியதும் அம்மா தடுத்துவிடுவார். “உன் கை குட்டை. என் கையில போடு.” முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்துப் பிடித்து, கடைசியில் விரலை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். “அது என்ன விரலா, தென்னை ஈர்க்கா?” என்பார் பூக்காரம்மா. இரண்டு கண்ணி மல்லிகைக்காகத் தினமும் பத்து நிமிஷம். பூக்காரம்மாவின் பிழைப்பை நினைத்தால் அம்மா செய்தது நியாயமே அல்ல. ஆனால் அந்த நீட்டிய விரலில்தான் அம்மா இருந்தார். பழைய கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த விரலிலிருந்து புதிதாக எழுதினேன். அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறைந்தவரின் குறையை எழுதுவது அவமதிப்பு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. வன்மத்தோடு எழுதினால் ஆகும். உயிரோடு இருக்கிற உறவுகளைப் புண்படுத்தும் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் குறையே இல்லாதவராக எழுதுவது வேறு ஒருவரைப் பற்றி எழுதுவதுதான்.

நாராயண் முதுமையில் ‘தி கிராண்ட்மதர்ஸ் டேல்’ எழுதினார். பாட்டி தம் தாயைப் பற்றிச் சொன்ன கதை அது. குழந்தைப் பருவத்தில் கட்டிவைத்த கணவன் யாத்திரிகர் கூட்டத்தோடு எங்கோ போய்விட, அந்தப் பெண் தனியாகப் புறப்பட்டு பூனா வரைக்கும் போய், அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தியவனை மீட்டு ஊருக்குக் கூட்டிவருகிறாள். அத்தனை துணிச்சல்காரி ஊர் திரும்பியதும் அடங்கிய மனைவியாகிவிடுகிறாள். பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைப் பேரன் கற்பனையால் நிரப்பினார். பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டதால்தான் அந்தப் பெண் தப்பினாள். நடுகல் அவளுக்கு யாரும் நட்டிருக்கப் போவதில்லை.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நினைவு மலரின் முதல் பக்கத்தில் அம்மையாரின் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, மறைந்த நாள் இருக்கின்றன. அன்பே உருவானவர் என்று ஒரு வரியும் இருக்கிறது. அதை நான் நம்புகிறேன். அவர் எதற்குக் கோபப்படுவார், கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பார், யாரோடு பல வருஷம் பேசாமல் இருந்தார் என்று மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, அடுத்த ஆண்டு மலரில் சேர்க்க வேண்டும்.