மதிப்புரையை எடைபோடுவோம்



பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபொழுது நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். விளையாட்டு நிதியில் சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகையைக் கொண்டு நல்ல கிரிக்கெட் மட்டைகள் இரண்டு வாங்க எண்ணினோம். பத்திரிகை ஒன்றில் மட்டைகளைப் பற்றிய மதிப்புரை வந்திருந்தது. ஒரு மட்டையை முதல் தரமானது என்று அது புகழ்ந்திருந்தது. அச்சில் வந்த செய்தியாயிற்றே என்று நானும் கையொப்பமிட்டுப் பணம் அனுப்பினேன். மட்டைகள் வந்தன. ஒரு மாதம் செல்வதற்குள் இரண்டும் அடிப்பகுதியில் பிளந்துவிட்டன.

மனம் நொந்திருந்த வேளையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பத்திரிகையோடு வந்து நின்றான். "ஐயா, இதே மட்டைக்குப் பின்னட்டையில் முழுப்பக்க விளம்பரம் இருக்கிறது" என்றான். நான் ஒரு பக்கத்தைப் படித்தேன். அவன் இதழ் முழுவதையும் படித்திருந்தான்.

அவ்விளம்பரம் இருந்த காரணத்தால் மதிப்புரை பொய் என்று உடனே முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அன்று மாலை அதை மீண்டும் நிதானமாகப் படித்தேன். புல்தரையில், தோல்பந்தைக் கொண்டு ஆடிப் பார்த்ததாக ஒரு வரி அதில் இருந்தது. எங்கள் மைதானமோ சரளை மண்; எங்கள் பந்தோ தக்கைப்பந்து. அம்மட்டை ஆங்கில வில்லோ மரத்தால் ஆனது. அது மென்மையான மரம். எண்ணெய் பூசிப் பழைய பந்தால் பலமணி நேரம் தட்டிப் பதப்படுத்திய பின்னரே தோல்பந்தின் வேகத்தைத் தாங்கும். கடினமான தக்கைப்பந்துக்கு அது ஏற்றதன்று. ஆகவே எழுதியவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். அவர் சொன்னது எங்களுக்குப் பொருந்தவில்லை.

இதிலிருந்து இரண்டு வினாக்கள் பிறக்கின்றன. எழுதியவருக்கு இதனால் ஆதாயம் உண்டா? அவர் சோதித்த நிலைமையும் என் நிலைமையும் ஒன்றா? இவ்விரண்டையும் கேளாமல் எந்த மதிப்புரையையும் நம்பலாகாது.

மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அதை விளக்க, உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஆடப்பெறும் கோல்ஃப் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அவ்வாட்டத்தின் கோல்களைப் பற்றி மேனாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகின்றன. புதிய ஏழாம் எண் இரும்புக்கோல் பழையதைவிடப் பந்தை வெகுதூரம் அனுப்புகிறது என்று ஒரு மதிப்புரை கூறுவதாகக் கொள்வோம். கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் முன்னாளில் ஏழாம் எண் கோலின் முகச்சாய்வு 36 பாகையை ஒட்டி இருந்தது. இந்நாளில் 30 பாகையும் அதற்குக் குறைவாகவும் உள்ள கோல்கள் அதே எண்ணோடு விற்பனைக்கு வருகின்றன. சாய்வு குறைந்தால் பந்து தாழ்ந்து பறந்து நெடுந்தூரம் செல்லும். கோலில் பொறித்த எண் மாறவில்லை, அளவு மாறிவிட்டது. எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே மூன்றாவது வினா.

அளவையில் தவறு நேராதிருக்கப் பொறிகளும் உண்டு. பைரன் நெல்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் வீச்சை மாதிரியாகக் கொண்டு செய்த பொறிக்கு 'இரும்பு பைரன்' என்று பெயர். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் பந்துகளைச் சோதிக்க அதனைப் பயன்படுத்தியது. அப்பொறி களைப்படையாது; ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக வீசும். அதனால் இரு பந்துகளுக்குள்ள வேறுபாடு துல்லியமாகத் தெரியும். ஆனால் உங்கள் கையும் என் கையும் பொறிகள் அல்லவே! பொறி பொருளின் குணத்தைச் சொல்லும். அப்பொருள் நமக்கு ஏற்றதா என்பதை நாமே கண்டறிய வேண்டும்.

அப்படியாயின் நம்பத்தக்க மதிப்புரையே உலகில் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் 1936-ல் நுகர்வோர் சங்கம் ஒன்று தோன்றியது. பொருள்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலை கொடுத்து வாங்கிச் சோதிப்பது, தன் இதழில் விளம்பரம் ஏற்காதிருப்பது என்னும் இரு நெறிகளை அது மேற்கொண்டது. இங்கிலாந்தில் 1957-ல் தொடங்கிய 'விச்' இதழும் அவ்வழியே சென்றது. நம் நாட்டில் 1978-ல் அகமதாபாத்தில் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் அமைந்து, பின்னர்த் தனக்கென ஆய்வுக்கூடமும் ஏற்படுத்திக்கொண்டது. உற்பத்தியாளர் தாமே தேர்ந்து அனுப்பும் பொருளுக்கும், கடை அலமாரியில் கிடக்கும் பொருளுக்கும் வேறுபாடு இருக்கக்கூடும். இவர்கள் கைப்பணம் செலவிட்டதன் பொருள் இதுதான்.

சட்டமும் துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022-ல் நெறிமுறைகள் வெளியாயின. ஒரு பொருளைப் பரிந்துரைத்து விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் அதன் உற்பத்தியாளருக்கும் மக்கள் எதிர்பாராத தொடர்பு ஏதேனும் இருந்து, அது அவர் சொல்லின் நம்பகத்தைப் பாதிக்கக்கூடுமானால், அதை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று அவை விதிக்கின்றன. ஆனால் சட்டம் எல்லார் வீட்டு வாயிலிலும் வந்து காவல் நிற்க இயலாது. நம் அறிவே நமக்கு முதற்காவல்.

இவ்வறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று. பெரம்பலூர்ப் பக்கத்து உழவரிடம் போய், "இந்த மக்காச்சோள விதை உயர்ந்தது" என்று சொல்லிப் பாருங்கள். "யார் வயலில் விளைந்தது? கரிசலா, செம்மண்ணா? அந்த ஆண்டு மழை எப்படி?" என்று கேட்பார். அரியலூர்ப் பக்கத்து உழவரும் அப்படியே கேட்பார். விதை தவறினால் ஓர் ஆண்டு உழைப்பே தவறிவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். எழுத்தறிவு மிக்க நான் மட்டை வாங்குமுன் கேளாத வினாக்களை, அவர்கள் விதை வாங்குமுன் கேட்கிறார்கள்.

மட்டைகள் பிளந்த பிறகு எங்கள் பள்ளியில் ஒரு பயிற்சி வைத்தோம். மாணவர்கள் தம் காசில் இருவகைப் பேனாக்களைக் கடையில் வாங்கி, ஒரே தாளில், மை தீரும்வரை எழுதிப் பக்கங்களை எண்ணினார்கள். இரண்டின் நிறையோடு குறையையும் எழுதவேண்டும் என்பது விதி. குறையே காணாத மதிப்புரைக்கு மதிப்பெண் இல்லை. பின்னட்டையைக் காட்டிய அந்தச் சிறுவன் தான் விரும்பி வாங்கிய பேனாவையே இரண்டாம் இடத்தில் வைத்தான். அவன் கட்டுரைக்கு முழு மதிப்பெண் அளித்தேன்.

நீங்களும் இப்பயிற்சியைச் செய்து பாருங்கள். ஒரு பொருளை நேர்மையாக மதிப்பிட எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது தெரியவரும். அதை அறிந்தபின், பிறர் எழுதும் மதிப்புரைகளில் உழைப்பு எங்கே இருக்கிறது, வெறும் புகழ்ச்சி எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவது உங்களுக்குக் கடினமாக இராது.