அளித்தானா? அழித்தானா?

(வழக்குரைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாயால் சொல்வதைக் கேட்டு எழுதும் மென்பொருள் முறைமன்றங்களுக்குள் நுழைந்துவிட்டது. இந்திய உச்ச முறைமன்றம் 2023 பிப்பிரவரியில் அரசியல்சட்ட ஆயத்தின் உசாவலை இவ்வழியில் எழுத்தாக்கத் தொடங்கியது. கேரள உயர் முறைமன்றமோ, தன் கீழுள்ள மன்றங்களில் சான்றுரைகளை 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து இத்தகைய மென்பொருள் கொண்டே பதிய வேண்டுமென ஆணையிட்டது. நாளை இது நம் வாயிலிலும் வந்து நிற்கும். அப்பொழுது அதன் செவி எந்த மொழியைக் கேட்கப் போகின்றது?

1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம், 1976இல் திருத்தப்பட்டுக் கீழமை மன்றங்களுக்கும் தமிழை உரிமையாக்கியது. ஆக்கியது ஏட்டில்! நடப்பிலோ, 'தமிழ்ச் சுருக்கெழுத்தர் இல்லை, தட்டெழுத்தர் போதவில்லை, ஆங்கிலமே விரைவு' என்னும் நொண்டிச் சாக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓதப்பட்டன. நாவசைந்தால் எழுத்து வந்து விழும் இக்காலத்தில் அச்சாக்கும் செத்தது. உயர் முறைமன்றத்தின் நிலை வேறு. அரசியல்சட்டத்தின் 348(2)ஆம் பிரிவின்கீழ் இராசத்தானும் உத்தரப்பிரதேசமும் மத்தியப்பிரதேசமும் பீகாரும் இந்திக்கு இசைவு பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் முடிவெடுத்துக் கேட்டும் தமிழுக்கு அது மறுக்கப்பட்டது. அது பொறியின் குறையன்று, தில்லியின் மனக்குறை.

இனி, பொறியின் குறைக்கு வருவோம். தென்பாண்டிச் சான்றாளர் ஒருவர் வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்பார். படித்த வழக்குரைஞருள்ளும் ழகரம் நாவில் நில்லாதவர் பலர். அவர் 'ஆவணத்தை அழித்தான்' எனச் சொல்ல, பொறி 'ஆவணத்தை அளித்தான்' என எழுதினால் வழக்கு என்னவாகும்? கொடுத்தவனும் கெடுத்தவனும் ஒருவனாகிவிட மாட்டார்களா? வழியில் மறித்தவன் மரித்தவன் ஆவான். அரிவாளை ஒளித்தவன் அதனை ஒழித்தவன் ஆவான். ஒலி தெளியாதவிடத்து, தான் பயின்ற தொடர்களில் எது மிகுதியாக வந்ததோ அதையே பொறி தேர்ந்து எழுதும். சொன்னவர் உள்ளம் அதற்குத் தெரியாது. எழுத்துப்பிழை கண்ணில் உறுத்தும். பொருள் தருகின்ற பிழையோ உறுத்தாமலே மேல்முறையீடு வரை போகும்.

இன்னுமொரு கொடுமை கேளுங்கள். 2024இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, இத்தகைய மென்பொருளொன்று எவரும் பேசாத தொடர்களைத் தானே புனைந்து சேர்த்ததைக் காட்டியது. பேச்சினிடையே அமைதி மிகுந்த இடங்களில் அது கூடுதலாக நேர்ந்தது. கூண்டில் நிற்கும் ஒரு தாய், மகன் வெட்டுண்ட செய்தியைச் சொல்ல மாட்டாமல் விம்மி நிற்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அமைதியைப் பொறி எதைக்கொண்டு நிரப்பும்?

இதற்குக் காப்பு சட்டத்திலேயே உண்டு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மன்ற மொழியில் சொன்ன சான்றுரையை அம்மொழியிலேயே எழுதவும், எழுதியதைச் சான்றாளருக்குப் படித்துக்காட்டித் திருத்தவும் வகைசெய்தது. அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு நம் நாவில் நுழையாத வடமொழிப் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். எனினும் அக்காப்பு அதிலும் உள்ளது. படித்துக்காட்டாமல் கைந்நாட்டு வாங்கும் வழக்கத்தை எதிர்த்து எழுந்து நில்லுங்கள். ஒலிப்பதிவையும் எழுத்தோடு சேர்த்துக் காக்கக் கேளுங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்குமுன், கட்சிக்காரர் உங்களிடம் சொன்ன மறைசெய்தி எந்த நாட்டுக் கணினிக்குப் போகின்றதென்றும் உசாவுங்கள்.

'பெட்டிசனர்' என்று சொல்லிவிட்டுப் பொறி தமிழ் எழுதவில்லை என நொந்துகொள்வோரும் உளர்! 'வழக்காடி', 'எதிர்வழக்காடி', 'உறுதிமொழி ஆவணம்' என வாயாரச் சொல்லுங்கள். சொன்னதைத்தானே அது எழுதும்? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்குழு, தமிழ் கேட்டெழுதும் மென்பொருளை எவரும் எடுத்தாளத் திறந்து வைத்துள்ளது. அதற்கு முறைமன்றத் தமிழைப் பயிற்றப் பேச்சும் அதற்கு நேரான எழுத்தும் வேண்டும். தமிழில் வெளிவந்த தீர்ப்புகளை ஆளுக்குப் பத்துப் பக்கம் படித்து ஒலிப்பதிவாக்கித் தாருங்கள். நெல்லையார், கொங்கர், வடார்க்காட்டார் என எல்லார் குரலும் அதில் வரட்டும். ழகரம் வராதவர் குரல் கட்டாயம் வரட்டும்.