ஸ்ரியறிங்கில் சமாளிப்பு வேண்டாம்



போன மாதம் வருமான வரி பற்றிக் கதைத்தேன். இந்த மாதம் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாகனத்துக்குக் கீழே போகப் போகிறேன். கணக்காளனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். கனடாவுக்கு வந்த புதிதில் எங்களில் எத்தனை பேர் பழைய காரொன்றை வாங்கி, தொடர்மாடித் தரிப்பிடத்தில் மட்டை விரித்துப் படுத்துத் திருத்தியிருக்கிறோம்! அதற்கு முன்னர், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். எதையும் சமாளித்து ஓட்டிவிடலாம் என்பது எங்களுக்குப் பழகிப்போன எண்ணம்.

அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஸ்ரியறிங்கில் அது சரிவராது. எஞ்சின் நின்றால் வாகனத்தை ஓரங்கட்டலாம். ஸ்ரியறிங் மூட்டு கழன்றால் 401 நெடுஞ்சாலையில் சில்லு தன்பாட்டில் திரும்பும். பின்னால் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஸ்ரியறிங் பெட்டியிலிருந்து முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி போகிறது. அதுதான் ரை ரொட். அதன் வெளிநுனியில் எங்கள் தோள்மூட்டைப் போல, கிண்ணத்துக்குள் குண்டு அசைகிற ஒரு மூட்டு உண்டு. அதை ஒரு றப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும். பனிக்காலத்தில் வீதியில் போடும் உப்பும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு தேய்மானம்தான். குழியில் விழும்போது 'டொக்' என்ற சத்தம், ஸ்ரியறிங்கில் தளர்ச்சி, ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்தல், இவை அடையாளங்கள். இதோடு வாகனத்தை விற்கப் போனால் ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சான்றிதழும் கிடைக்காது.

உறுதிப்படுத்துவது சுலபம். முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, ஸ்ராண்டில் தாங்க வைத்து, கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் மூட்டைப் பார்க்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் ரை ரொட். 12, 6 மணி இடங்களில் ஆடினால் பேரிங்கோ கீழ் போல் ஜொயின்றோ பழுதாக இருக்கலாம். அது வேறு வேலை.

இனிக் கணக்கு. எங்கள் வீட்டு ஏழு ஆசன ரொயோற்றா ஹைலான்டருக்கு இரண்டு பக்க வெளிநுனிகளும் மாற்றி அலைன்மென்றும் செய்ய ஒரு கராஜில் 480 டொலர் கேட்டார்கள். பாகங்கள் இரண்டும் 130, அலைன்மென்ற் 120. ஆக மிச்சம் 230. நல்ல ஜக் ஸ்ராண்ட் ஒரு சோடியும் ரோர்க் ஸ்பானரும் வாங்க 150 போனது. முதல் தடவையில் கையில் நின்றது 80 டொலர். ஒரு சனிக்கிழமையும் போனது. காசுக்காக மட்டும் என்றால் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அடுத்த தடவை கராஜில் 'மூட்டுத் தேய்ந்துவிட்டது' என்று சொல்லும்போது, 'காட்டுங்கள்' என்று கேட்கத் தெரியும். அதன் பெறுமதி ரசீதில் வராது.

முதல் நாள் இரவே புரிகளில் கறள் இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஒன்ராறியோக் கறளுக்கு ஒரு இரவு போதாமலும் போகும். மட்டமான கொங்கிறீற் தரை வேண்டும். புல்லிலும் சரிவிலும் வேண்டாம். கைப்பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சில்லு நட்டுகளை வாகனம் நிலத்தில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். பிறகு உயர்த்தி, கைநூல் சொல்லும் இடத்தில் ஸ்ராண்ட் வையுங்கள். ஜக் தூக்குவதற்கு மட்டுமே. ஜக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.

சில்லைக் கழற்றிய பின் கம்பியின் புரியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, பூட்டு நட்டு நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்றால் அடையாளமிடுங்கள். மூட்டைப் பிரிப்பதற்கு முன்னரே பூட்டு நட்டைக் கால் சுற்று இளக்க வேண்டும். பிரித்துவிட்டால் கம்பி கூடவே சுற்றி உயிரை எடுக்கும். கொட்டர் பின்னைக் குறட்டால் இழுத்தெடுத்து, மூட்டின் நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று புரி மிச்சம் விட்டு, புல்லரால் இறுக்கினால் 'டக்' என்று விடும். புல்லர் வாங்கத் தேவையில்லை. சில பாகக் கடைகள் முற்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன.

பழைய நுனியைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். புதியதை அதே அளவு சுற்றி ஏற்றுங்கள். மூட்டு நட்டைக் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்கிய பின் பின் போடும் துளை நேர்வராவிட்டால், மேலும் கொஞ்சம் இறுக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தக்கூடாது. கொட்டர் பின் எப்போதும் புதிதுதான். பழையதை நிமிர்த்திப் போடுவது 25 சதத்துக்காகச் செய்யும் சமாளிப்பு.

சுற்றை எவ்வளவு சரியாக எண்ணினாலும் அலைன்மென்றுக்குப் போகத்தான் வேண்டும். புதிய பாகத்தின் நீளம் ஒரு மில்லிமீற்றர் வேறுபட்டாலும் சில்லு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும். சில மாதங்களில் ரயர் போய்விடும். அன்றே போக நேரத்தைப் பதிந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மெதுவாக, நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஓட்டுங்கள். வழிக்கோடு பார்க்கும் கமெரா உள்ள புதிய வாகனங்களில் ஸ்ரியறிங் கோண உணரியையும் சரிப்படுத்தச் சொல்லுங்கள்.

உள் ரை ரொட், ஸ்ரியறிங் பெட்டி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். கம்பியே கறள் தின்று மெலிந்திருந்தாலும் கராஜுக்குக் கொண்டுபோங்கள். அந்த 80 டொலரை நினைக்க வேண்டாம்.

100 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லு நட்டுகளை மறுபடி ரோர்க் ஸ்பானரால் பாருங்கள். ரசீதுகளையும், மாற்றிய திகதியையும், மைல்மானி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வாகனப் பெட்டிக்குள் வையுங்கள். இது கணக்காளனின் பழக்கம். வாகனத்தை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.