காலில் அடிபட்ட படைவீரரின் ஹக்கு

 

பட்டாளத்தில் பணியின்போது காலில் அடிபட்டவர், இன்று தறிக்குழியில் இறங்கி மிதி மிதிக்க முடியாமல் தவிக்கலாம். ஊன பென்ஷன் கேட்பதை யாசகம் என்று எண்ணிக் கூச்சப்பட வேண்டாம். அது அவருடைய ஹக்கு.

பணியால் வந்த ஊனம் 20 முதல் 49 சதவீதம் என்று மருத்துவக் குழு எழுதியிருந்தால், அதை 50 ஆகக் கணக்கிட வேண்டும். 50 முதல் 75 வரை என்றால் 75. அதற்கு மேல் 100. முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் பென்ஷன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். பழைய சதவீதமே இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு எழுத நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.