வெட்டுவதா, விரிப்பதா?

1932ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர் குரோனும் சக வைத்தியர் இருவரும் விவரித்த குடலழற்சி நோய், நாளடைவில் சிறுகுடலை ஒடுக்கிவிடுவதுண்டு. வீக்கத்தால் வந்த ஒடுக்கம் மருந்துக்கு இணங்கும். இறுகிய தழும்பு இணங்காது. அப்போது வழிகள் மூன்று. நீளங் குறைந்த ஒடுக்கமாயின், உள்நோக்குக் குழாய் வழியே பலூன் செலுத்தி விரிக்கலாம். நோய் ஓரிடத்தில் மட்டும் நிற்பின், அப்பகுதியை வெட்டி நீக்கி முனைகளை இணைக்கலாம். அன்றி, ஒடுங்கிய இடத்தை நெடுக்காகக் கீறிக் குறுக்காகத் தைத்தால், குடலில் ஓரங்குலமும் இழவாமல் வழி அகலும். ஒடுக்கங்கள் பலவாயினும், முன்னரே குடல் வெட்டப்பட்டிருப்பினும், இம்முறை பெரிதும் உதவும். சீழோ, துளையோ, புற்றுநோய் என்னும் ஐயமோ இருப்பின், வெட்டுதலே தகும்.

எந்தச் சத்திரசிகிச்சையும் இந்நோயை வேரறுப்பதன்று, அது மீளவுங்கூடும். மீண்டும் மீண்டும் வெட்டுண்டு குறுகிய குடல், உணவின் சத்தை ஏற்கும் வலுவை இழக்கும். ஆகவே, எவ்வளவு நீக்கப்படும் என்பதினும், எவ்வளவு எஞ்சும் என்பதையே வைத்தியரிடம் முதலிற் கேளுங்கள்.