கல்லாவின் இரு பக்கம்



'கைப்பேசியா, அட்டையா, ரொக்கமா? நுகர்வோர் மனப்பான்மை' என்று இந்தக் கருத்தரங்குக்குத் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். தலைப்பைப் புகழ்ந்து, அமைப்பாளர்களுக்கு நன்றி சொல்லி, குத்துவிளக்கோடு என் வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் வந்திருக்கும் ஆய்வுச் சுருக்கங்களை முன்கூட்டியே அனுப்பிவைத்து நீங்களே எனக்குப் பேச இடம் கொடுத்துவிட்டீர்கள். அவற்றைப் படித்தபோது ஒரு ஆள் குறைவதாகப் பட்டது. பணம் கொடுப்பவரைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கிக் கல்லாவில் போடுபவரைக் காணோம்.

பெரும்பாலான கட்டுரைகள் ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கருவி பயனுள்ளது என்று ஒருவர் நினைக்கிறாரா, எளிதானது என்று நினைக்கிறாரா என்று கேட்டு, 'முற்றிலும் ஒப்புகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டத்தில் ஒன்றை டிக் அடிக்கச் சொல்கிறோம். டேவிஸ் அந்த மாதிரியை உருவாக்கியது கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோரை வைத்து. ஒரு ஆள், ஒரு இயந்திரம், அவ்வளவுதான். மளிகைக்கடையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எதை விரும்பினாலும் எதிரே நிற்பவர் ஏற்றுக்கொண்டால்தான் பணம் கைமாறும்.

அட்டையின் கதையைப் பாருங்கள். இந்தியாவில் 1980இலேயே கடன் அட்டை வந்துவிட்டது. 2012இல் உள்நாட்டு அட்டையான ரூபே வந்தது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியதும் வங்கிப் பக்கமே போயிராத கோடிக்கணக்கானோர் கையில் அட்டை சேர்ந்தது. இன்று நாட்டில் 90 கோடிக்கும் மேல் டெபிட் கார்டுகள் உள்ளன. இத்தனை இருந்தும் தெருமுனைப் பெட்டிக்கடையில் யாராவது கார்டு நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நம் மக்களுக்கு அட்டை என்பது ஏ.டி.எம்.மில் காசு எடுக்கும் சாவி. இதை ஆய்வாளர்கள் 'அட்டை குறித்த பாதுகாப்பு அச்சம்' என்று எழுதினார்கள். அச்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஸ்வைப் மெஷினுக்கு வாடகை இருந்தது, தொலைபேசி இணைப்பு வேண்டியிருந்தது, ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்கு ஒரு பங்கு போனது, பணம் கணக்கில் ஏற மறுநாள் ஆனது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபத்தில் பருப்பு விற்பவர் அதில் ஒரு பங்கை எதற்காக விட்டுக்கொடுப்பார்? பாத்திரக்கடையிலும் நகைக்கடையிலும் 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட ஆகும்' என்று கேட்டவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். கடைக்காரரின் மறுப்பைத்தான் நாம் வாடிக்கையாளரின் மனப்பான்மை என்று அளந்துகொண்டிருந்தோம்.

யுபிஐ இந்த இடத்தில்தான் வென்றது. அது 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதனால்தான் மக்கள் கைப்பேசிக்கு மாறினார்கள் என்று பல சுருக்கங்கள் முதல் வரியிலேயே தொடங்குகின்றன. கால வரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. மாதத்துக்கு 100 கோடிப் பரிவர்த்தனை என்ற அளவை யுபிஐ தொட்டது 2019 அக்டோபரில். 2023 ஆகஸ்டில் அது 1000 கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 2000 கோடி. பெரிய பாய்ச்சல், பணமதிப்பு நீக்கம் நடந்து மூன்று வருடம் கழித்துத்தான். அந்த வருடங்களில் என்ன நடந்தது? கட்டணமின்றி ஒட்டிக்கொள்ளக் கூடிய க்யூஆர் காகிதம் ஒன்று கடைக்கு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றானது. பணம் நொடியில் கணக்கில் ஏறியது. வந்ததைச் சொல்ல ஒரு பேசும் பெட்டியும் வந்தது. கொரோனாக் காலத்தில் நோட்டைத் தொடத் தயங்கினார்கள் என்பதும் உண்மைதான். வாடிக்கையாளரின் மனப்பான்மை மாறியது என்கிறீர்கள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் கணக்கு மாறியது என்று நான் சொல்வேன்.

தொழில்நுட்பம் இருந்தால் போதும் என்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 2004லேயே கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்த முடிந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் ஜப்பானியர் நோட்டையும் நாணயத்தையும் விடவில்லை. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்தபோது சாதாரண பட்டன் போன்தான். ஊர்தோறும் சிறுகடைக்காரர்கள் முகவர்களாக நின்று பணத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்தார்கள். தெரிந்த முகம் இருந்ததால் தெரியாத கருவியை மக்கள் நம்பினார்கள்.

வாடிக்கையாளர் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. சில்லறைத் தகராறு ஒழிந்ததே ஒரு பெரிய விடுதலை. டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதித் தந்துவிட்டு நடத்துநர் முன்பக்கம் போய்விட, இறங்கும் நிறுத்தம் வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பயணம் செய்த தலைமுறை எங்களுடையது. ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் திணித்த காலமும் போயிற்று. விலை நிர்ணயத்திலும் இதன் தடம் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சில்லறைக்காகப் பத்து, பதினைந்து என்று தாவிய டீ விலை இனி பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் நிற்க முடியும். இதை யாராவது முறையாக ஆராய்ந்தால் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்போது ஒரு புதிர். யுபிஐ இப்படி வளர்ந்தால் ரொக்கம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2016 நவம்பர் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த பணம் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அது சுமார் 35 லட்சம் கோடி. இரண்டும் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. பொருளாதாரம் பெருகியதும் விலைவாசியும் ஒரு பகுதிக் காரணம். கணக்கில் வராத பணம் இன்னொரு பகுதி. மூன்றாவது காரணம் நம் வீடுகளுக்குள் இருக்கிறது. ரொக்கம் மணிபர்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்குள்ளும் புடவை மடிப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. கொடுக்க ஃபோன், வைத்துக்கொள்ள நோட்டு.

ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? நோட்டு யாரிடமும் எதையும் சொல்லாது. 2016 நவம்பரில் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் பெண்களின் சேமிப்பு வெளியே வந்ததே, அன்று அவர்கள் பணத்தை இழக்கவில்லை, பெரும்பாலும் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பணம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற நிலையை இழந்தார்கள். மனைவியின் வங்கிக் கணக்கில் கணவரின் கைப்பேசி எண் பதிவாகியிருக்கும் குடும்பங்கள் எத்தனை! எடுத்தாலும் போட்டாலும் குறுஞ்செய்தி அவருக்குப் போகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் பெண்களின் கணக்குக்கு வரத் தொடங்கியது. வந்ததும் அதை முழுசாக ரொக்கமாக எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இதை 'டிஜிட்டல் அறிவின்மை' என்று ஒரு கட்டுரைச் சுருக்கம் வகைப்படுத்துகிறது. எழுதியவர் இளைஞர் என்று நினைக்கிறேன். அது அறிவுதான் ஐயா, குடும்பம் நடத்துகிற அறிவு.

யார் பார்ப்பார்கள் என்ற இந்தக் கேள்வியைத்தான் உங்கள் வினாநிரல்களில் நான் தேடுகிறேன். ஒருவர் எந்த வழியில் பணம் கொடுக்கிறார் என்பதை வசதியும் வேகமும் பாதி தீர்மானித்தால், அந்தக் கொடுக்கல் வாங்கல் யார் கண்ணில் படும் என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. கணவர் கண்ணில், மாமியார் கண்ணில், கடன் கொடுத்தவர் கண்ணில், வரி அதிகாரி கண்ணில். யுபிஐ லைட் 2022இல் வந்தது. ரகசிய எண் இல்லாமல் சிறுதொகை அனுப்பும் அந்த வசதி வங்கிகளின் கணினிச் சுமையைக் குறைக்கக் கொண்டுவரப்பட்டது. அதில் செய்யும் ஒவ்வொரு செலவும் பாஸ்புக்கில் தனித்தனி வரியாக ஏறாது. அதை விரும்புகிறவர்கள் வேகத்துக்காக விரும்புகிறார்களா, அந்த வரிகள் ஏறாமல் இருப்பதற்காகவா? கேட்டுப் பாருங்கள்.

யார் கண்ணில் படும் என்பது முடிவை மாற்றும் என்பதற்கு வலுவான சான்று பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது வரம்பு. வரவில் உறவினர் அனுப்பிய பணமும் கடனும் சேர்ந்திருக்கிறது, பாலுக்கும் காய்கறிக்கும் வரியே கிடையாதே என்றார்கள் வியாபாரிகள். சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டியது பெங்களூருவில் அந்த நாட்களில் நடந்தது. கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கழற்றினார்கள், ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். வாடிக்கையாளர்கள் ஏ.டி.எம். தேடிப் போனார்கள். டேவிஸ் மாதிரி அளக்கும் அவர்களது 'உணரப்பட்ட பயன்' என்னவானது? நேற்று இருந்த அதே இடத்தில்தான் இருந்தது. அதை அளந்து என்ன செய்ய?

பணம் கொடுக்கும்போது மனம் உணரும் 'செலவின் வலி' பற்றிய கட்டுரைகளுக்கு ஒரே ஒரு குறிப்பு. பிரெலெக், சிமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 2001இல் அமெரிக்காவில் ரொக்கத்தையும் கடன் அட்டையையும் ஒப்பிட்டு, அட்டை என்றால் மனிதர் கூடுதல் விலை கொடுக்க முன்வருகிறார் என்று காட்டினார்கள். கடன் அட்டையில் பணம் பிறகு போகிறது. யுபிஐயில் கண்ணெதிரே போகிறது, மீதியைச் சொல்லிக் குறுஞ்செய்தியும் வருகிறது. அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல ஆய்வுகளில் வினாநிரல் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. கைப்பேசியில் வந்த கேள்விக்குக் கைப்பேசியில் பதில் சொன்னவர்களிடமிருந்து, மக்கள் கைப்பேசியையே விரும்புகிறார்கள் என்ற முடிவு கிடைத்திருக்கிறது. கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதற்குப் பதிலாகத் தெருவோரம் கீரை விற்கும் அம்மாவிடம் போய் உட்காருங்கள். விடியற்காலையில் மொத்தச் சந்தையில் அவர் சரக்கெடுக்கும்போது மண்டியிலும், மூட்டை தூக்குபவரிடமும், ஷேர் ஆட்டோவிலும் ரொக்கம்தான் கேட்பார்கள். நாள் முழுக்க விற்றது கணக்கில் ஏறினால், இரவில் அதை நோட்டாக்க ஏ.டி.எம். தேட வேண்டும். அது ஐந்நூறாகத் தள்ளும். கணக்கில் விழுந்ததில் குறைந்தபட்ச இருப்புக்கு என்று வங்கி கொஞ்சம் பிடிக்கலாம், குழுக்கடன் தவணையும் தானாகக் கழியலாம். அவர் 'கையில குடு கண்ணு' என்று சொல்வதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. யுபிஐக்கு நாளை கட்டணம் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிறு வணிகர்களின் 2000 ரூபாய் வரையான விற்பனைகளுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு 1500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கி அரசுதான் யுபிஐயை நடத்தும் செலவில் ஒரு பகுதியைத் தாங்கியது. அப்படித் தாங்குவது நின்றால் முதலில் முடிவெடுக்கப் போகிறவர் அந்த அம்மாதான். நீங்களும் நானும் அல்ல.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பிற்பகல் அமர்வில் கட்டுரையாளர்களோடு மேடையில் உழவர் சந்தைக்கு வெளியே கடை போடும் வியாபாரிகள் இருவரும் அமர்வார்கள். நாலு மணிக்கு அவர்கள் கடை விரிக்க வேண்டும். அதனால் சாப்பாட்டை நீட்டிக்காமல் இரண்டு மணிக்கு எல்லோரும் இருக்கையில் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், மணி என் கையில் இருக்கிறது.