மழலைக்குப் பாடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

 

மருத்துவம் படித்த மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். 1939-ல், தமது 69-ஆம் வயதில், சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் தனிக் கல்வி என்று காட்டியவர் அவர்.

நாம்? கடைக்குக் கணக்கப்பிள்ளை வைக்க ஆயிரம் விசாரிக்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லித்தரும் உஸ்தாதிடம் பயிற்சி உண்டா என்று கேட்டதுண்டா? மதரஸாவில் எங்களுக்கு ஃபிக்ஹு சொல்லித்தந்தார்கள். குழந்தையின் மனத்தைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. கையில் பிரம்புதான் மிஞ்சியது!

இளைஞர்களே, இந்தப் படிப்புக்குப் பெயர் கொடுங்கள். வியாபாரப் பெருமக்களே! மஹல்லாவுக்கு ஓர் உஸ்தாதையும் ஒரு சகோதரியையும் மழலையர் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புங்கள், கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். படித்துத் திரும்பியதும் உங்கள் கணக்கப்பிள்ளைக்குத் தரும் சம்பளத்தையாவது கொடுங்கள்.